களை என்று பெயரிட்டது யார்?

2025-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாட்டின் பல மாநிலங்களில் விவசாயிகள் யூரியா மூட்டைக்காக நீண்ட வரிசையில் காத்து நின்றனர். சீனா தனது ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. நல்ல மழையால் சாகுபடிப் பரப்பும் உரத் தேவையும் ஒருசேர உயர்ந்தன. ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா பயன்படுத்தும் நாடு, 300 லட்சம் டன்னுக்குச் சற்று மேல்தான் உற்பத்தி செய்கிறது. எஞ்சியது கப்பலில் வருகிறது. உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியாவுக்கும் மூலப்பொருளான எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. எங்கோ ஒரு துறைமுகத்தில் ஏற்படும் தடை, இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் வரிசையாக நீள்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தவருக்கு இச்செய்தியில் தனிப் பொருள் உண்டு. 1975 முதல் யூரியா உற்பத்தி செய்துவரும் ஸ்பிக் ஆலை இம்மாவட்டத்தின் கடற்கரையில்தான் உள்ளது. முன்பு நாஃப்தாவையும் அண்மைக் காலமாக இயற்கை எரிவாயுவையும் கொண்டு, காற்றில் உள்ள நைட்ரஜனை அது உரமாக மாற்றுகிறது. அந்த ஆலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஆழ்வார்திருநகரியை அடைந்துவிடலாம். அங்கே தாமிரவருணியின் தென்கரை வயல்களில், பிசான நெல் அறுவடைக்குப் பின்னர் வரப்பிலும் வாய்க்கால் மேட்டிலும் ஊதா நிறப் பூக்களுடன் ஒரு செடி தானாகவே தலைகாட்டும். காற்றில் உள்ள அதே நைட்ரஜனை, எரிவாயுவோ மின்சாரமோ இல்லாமல், தன் வேரில் உரமாக மாற்றும் செடி அது. பெயர் கொழிஞ்சி. முன்பு உழவர்கள் விதை தூவி வளர்த்த அச்செடியை இன்று பெரும்பாலோர் களை என்கிறார்கள்.

பயனுள்ள ஒரு செடி எவ்வாறு களையாகிறது? இவ்வினாவுக்கு நம் வயலில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை. அமெரிக்க வீட்டு முற்றங்களில் இதே கதை ஏற்கெனவே நடந்து முடிந்து, இப்போது திருத்தப்பட்டும் வருகிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டின் முன்னே புல்தரை வளர்ப்பது நீண்ட காலப் பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை அங்கே விற்கப்பட்ட புல்விதைக் கலவைகளில் வெண் குளோவர் விதையும் வழக்கமாகச் சேர்க்கப்பட்டது. குளோவர் மூன்று இலைகளைக் கொண்ட சிறு படர்செடி. அவரை, பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தந்தது. ஆகவே, உடன் வளர்ந்த புல்லுக்கு உரம் அதிகம் தேவைப்படவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டறியப்பட்ட 2,4-டி என்னும் களைக்கொல்லி, 1940-களின் நடுவில் சந்தைக்கு வந்தது. புல் இனங்களை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் அது கொன்றது. புல்தரைக்காரர்களுக்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றியது. ஆனால், வேண்டாத அகன்ற இலைச் செடிக்கும் குளோவருக்கும் வேறுபாடு அந்த மருந்துக்குத் தெரியாது. இரண்டும் மடிந்தன. மருந்தைத் திருத்த இயலாத நிலையில் பெயர் திருத்தப்பட்டது. அதுவரை விதைக் கலவையில் காசு கொடுத்து வாங்கப்பட்ட குளோவர், களைகளின் பட்டியலில் சேர்ந்தது. நைட்ரஜன் தந்த செடி போனதும் அந்த இடத்தை மூட்டை உரம் நிரப்பியது. ஒரு ரசாயனம் இன்னொரு ரசாயனத்துக்குச் சந்தையை உருவாக்கித் தந்தது.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அங்கே மனம் மாறி வருகிறது. உரச் செலவு, தண்ணீர்த் தட்டுப்பாடு, தேனீக்களின் அழிவு ஆகியவை குளோவர் தரையை மீண்டும் நினைவூட்டியுள்ளன. 2019-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், புல்தரையைக் குளோவர் போன்ற பூக்கும் செடிகள் நிறைந்த தரையாக மாற்றும் குடும்பங்களுக்குச் செலவில் ஒரு பகுதியை அரசே திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு அறிவுரையுடன் நின்றுவிடவில்லை. மாற்றத்தை மேற்கொள்பவரின் கையில் பணம் சேர வழி செய்தது. இந்த ஒரு செய்தி நமக்கு முக்கியமானது.

குளோவர் குளிர் நாட்டுச் செடி. தாமிரவருணிக் கரையின் வெயிலில் அது பிழைக்காது. வட இந்தியாவில் குளிர்காலத் தீவனமாக விளையும் பெர்சீம் அதன் உறவினம்தான். அதற்கும் நம் கோடை ஒத்துவராது. நமக்கு அதன் தேவையும் இல்லை. குளோவர் செய்யும் வேலையைச் செய்ய இங்கே கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பை, தட்டைப்பயறு என ஒரு வரிசையே இருக்கிறது.

இவற்றுள் கொழிஞ்சிக்குத் தனித்தன்மை உண்டு. அதன் சிற்றிலையை நுனியில் பிடித்து இழுத்தால் அம்பு முனைபோல் வெட்டுப்பட்டு அறுபடும். கிராமத்துச் சிறுவர்கள் இதைக் கொண்டே செடியை அடையாளம் காண்பர். மணற்பாங்கான மண்ணிலும் அது வளரும். வறட்சியைத் தாங்கும். விதையின் மேல்தோல் கடினமானது என்பதால் மணலுடன் சேர்த்துத் தேய்த்தோ வெந்நீரில் சில நிமிடங்கள் ஊற வைத்தோ விதைப்பார்கள். ஒருமுறை வயலில் நிலைபெற்றுவிட்டால் உதிரும் விதையிலிருந்து அடுத்த ஆண்டும் முளைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு மாடுகள் அதை விரும்பி மேய்வதில்லை. அறுவடை முடிந்த தரிசில் ஆட்டுக்கிடை போடுவதும் மாடுகளை அவிழ்த்து விடுவதும் வழக்கமான ஊர்களில் வேலியின்றி வளரக்கூடிய உரப்பயிர் அதுவே. தக்கைப்பூண்டுக்குத் தண்ணீர் வேண்டும்; காவலும் வேண்டும். கொழிஞ்சிக்கு அறுவடை வயலில் எஞ்சிய ஈரமும் ஓரிரு கோடை மழையும் போதும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாசனப் பகுதியின் பயிர்க் காலம் இதற்கு இடம் தருகிறது. பிசான நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும். தண்ணீர் இருக்கும் ஆண்டில் கார் சாகுபடிக்கு ஆனியில் வயல் தயாராகும். இல்லாத ஆண்டில் ஐப்பசி வரை நிலம் சும்மா கிடக்கும். ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைச் சார்ந்த வயல்களுக்குச் சும்மா கிடக்கும் ஆண்டுகளே மிகுதி. அந்த இடைவெளியில் கொழிஞ்சியை வளரவிட்டு, நடவுக்கு முன்னர் மடக்கி உழுவதே பழைய முறை. ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களிலும் இளங்கன்றுகளுக்கு நடுவே சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மண்ணில் சேர்ப்பது வேளாண் துறையே பரிந்துரைக்கும் வழக்கம்.

இந்த வழக்கம் ஏன் தேய்ந்தது? உழவர் சோம்பேறியாகிவிட்டார், பேராசைக்காரராகிவிட்டார் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. பொருளியல் மாணவனுக்கு இந்த விளக்கம் போதாது. பலர் ஒரே காலத்தில் ஒரே முடிவை எடுக்கிறார்கள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அவர்களுடைய குணத்தை அன்று. அவர்கள் முன்னுள்ள விலையை.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் சில்லறை விலை வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ ரூ.266. 2018 முதல் இவ்விலை அநேகமாக அப்படியே நிற்கிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது, ஒரு மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று அதிகமான தழைச்சத்து இருக்கிறது. நன்கு வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிலோ தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். கொழிஞ்சி அதைவிடச் சற்றுக் குறைவாகத் தரும். ஆக, ஓர் ஏக்கர் பசுந்தாள் உரம் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம்.

இப்போது உழவரின் கணக்கைப் பாருங்கள். விதை வாங்க வேண்டும். விதைக்க ஓர் உழவு, மடக்கி உழ டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை, மட்குவதற்குப் பத்து நாள் காத்திருப்பு. இவையெல்லாம் சேர்ந்தால் ரூ.266-ஐப் போலப் பல மடங்கு ஆகும். இவ்வளவு செய்து அவர் மிச்சப்படுத்துவது ஒரு மூட்டை யூரியா. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கொழிஞ்சியைக் கைவிட்டவரை அறியாதவர் என்று கூற முடியாது. நாம் வைத்த விலையை அவர் சரியாகப் படித்திருக்கிறார்.

ஆனால், அந்த விலை உண்மையான விலையன்று. உலகச் சந்தை உச்சத்தில் இருந்தபோது அதே மூட்டையின் அடக்க விலை ரூ.2,000-ஐத் தாண்டுவதாக மத்திய அரசே தெரிவித்தது. சந்தை நிலவரத்தைப் பொறுத்து ஒரு மூட்டைக்கு ரூ.1,500 முதல் ரூ.2,000 வரை அரசு கருவூலம் செலுத்துகிறது. 2022-23-இல் நாட்டின் மொத்த உர மானியம் ரூ.2.5 லட்சம் கோடியாக இருந்தது. உழவர் கண்ணில் ரூ.266 ஆகத் தெரியும் பொருள், நாட்டின் கணக்கில் அதைப்போல் ஆறு, ஏழு மடங்கு விலையுடையது. மூட்டைக்கு மானியம் உண்டு. அதே வேலையைச் செய்யும் செடிக்கு அதற்கு ஈடாக எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டு, ஒன்றை மட்டும் வண்டியில் ஏற்றியிருக்கிறோம்.

கருவூலத்தின் கணக்கிலும் வராத செலவுகள் உள்ளன. நீர் தேங்கிய நெல்வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல்தான். எஞ்சியதில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் கலக்கிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. வெப்பத்தைத் தேக்கும் ஆற்றலில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்குக்கு மேல் வலியது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாகக் கிணற்று நீரிலும் வடிகாலிலும் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது நம் தர நிர்ணயம். தாமிரவருணி நான்கு மாவட்ட மக்களுக்குக் குடிநீர் தரும் ஆறு. வயல்களின் வடிநீர் முழுவதையும் வாங்கிக்கொண்டு புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஒரு காலத்தில் முத்துக்குளித்த அந்தக் கடல் இன்று பவளப் பாறைகளுக்கான தேசியப் பூங்கா.

களைக்கொல்லியும் இக்கதையில் தன் பங்கை ஆற்றுகிறது. அமெரிக்க முற்றத்தில் குளோவரைக் கொன்ற அதே 2,4-டி நம் நெல் வயல்களிலும் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கப்படுகிறது. வரப்புகளைச் சுத்தம் செய்ய ஆள் கூலி உயர்ந்த பின்னர், எல்லாப் பச்சையையும் ஒருசேர எரிக்கும் கிளைபோசேட் பரவலானது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் என வரையறுத்தது. ஆயினும், கருகிய வரப்புகளை இன்றும் எங்கும் காணலாம். கொழிஞ்சி விதை தங்கியிருப்பது அந்த வரப்பில்தான். தானாக முளைத்த செடியை மருந்தடித்து அழித்த பின்னர், அதே விதையைக் காசு கொடுத்து வாங்கி விதை என்று உழவரிடம் கூறுகிறோம்.

மண்ணின் நிலையை 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழை வெளிச்சமிட்டுக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரி சுற்றுவட்டாரத்தில் வாழை சாய்ந்தது, நெல் மூழ்கியது, பல வயல்களில் மேல்மண் அடித்துச் செல்லப்பட்டு மணல் மேடிட்டது. மேல்மண்ணை இழந்த நிலத்துக்கு யூரியா தழைச்சத்தைத் தரும், மட்கைத் தராது. நீரைப் பிடித்து வைப்பதும் மண் துகள்களைப் பிணைப்பதும் மட்குதான். அதை உருவாக்கப் பசுந்தழையும் தொழுவுரமும் அன்றி வேறு வழியில்லை. மணற்பாங்கான நிலத்தில் வளரும் கொழிஞ்சியின் மதிப்பை ஒரு மூட்டை யூரியாவுடன் மட்டும் ஒப்பிட்டு அளப்பது குறைவான அளவீடு என்பதற்கு அந்த வயல்களே சான்று.

அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. ஆனால், செய்தவை விலையைத் தொடவில்லை. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டன. யூரியா வெளியே விடப்பட்டது. மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா அப்படியே நின்றது. 2009-10-இல் ஏறத்தாழ 4.3:2:1 ஆக இருந்த தழை, மணி, சாம்பல் சத்துகளின் பயன்பாட்டு விகிதம் 2012-13-இல் 8.2:3.2:1 ஆகச் சாய்ந்தது. 2015 முதல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. அது கசிவைக் குறைத்தது, விகிதத்தைச் சீர்செய்யவில்லை.

2023-இல் மத்திய அரசு பி.எம். பிரணாம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியைவிட ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதி வழங்கப்படும் என்பது அதன் சாரம். சிந்தனை சரியானது. ஆனால், பணம் போவது மாநில அரசுக்கு. ஒரு மூட்டையைக் குறைப்பது என்ற முடிவை எடுப்பவரோ உழவர். முடிவெடுப்பவர் கைக்கு வராத ஊக்கத்தொகை அவருடைய முடிவை எவ்வாறு மாற்றும்?

தமிழக அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்' திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப் பயிர் வளர்க்க ரூ.20 கோடி ஒதுக்கப்பட்டது. ஏக்கருக்கு ரூ.1,000 என்பது வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும், உதவி விதையுடன் நின்றுவிடுகிறது. மடக்கி உழும் செலவு உழவருடையது. விதையிலும் முதன்மை இடம் தக்கைப்பூண்டுக்கே. கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும் கடைமடை வயலில் தக்கைப்பூண்டு எப்படி வளரும் என்பதை உள்ளூர் வேளாண் அலுவலர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால், திட்டம் மாநிலம் முழுமைக்கும் ஒரே அச்சில் வருகிறது.

ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன என்று கேட்போரும் உண்டு. அதற்கு மன்னார் வளைகுடாவின் மறுகரையைப் பார்த்தால் போதும். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. மாற்று உரம் போதிய அளவில் கையில் இல்லை. உழவர் ஆயத்தமாக இல்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் அந்நாட்டில் மூண்ட பொருளாதாரக் கொந்தளிப்புக்கு அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை முதலான வேறு காரணங்கள் பல உண்டு. ஆயினும், உழவர்களின் நம்பிக்கையை அந்த ஆறு மாதங்கள் பெரிதும் குலைத்தன. நல்ல நோக்கத்தை அவசரம் எப்படிக் கெடுக்கும் என்பதற்கு அண்மைக் கால வரலாற்றில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பசுந்தாள் உரத்தின் எல்லைகளையும் மறைக்கத் தேவையில்லை. உயர் விளைச்சல் தரும் நெல் வகைகளுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து வரை பரிந்துரைக்கப்படுகிறது. கொழிஞ்சி அதில் மூன்றில் ஒரு பங்கை ஈடுசெய்தாலே பெரிது. பசுந்தழையை மடக்கி உழுது, மட்கும் முன்னரே நீரைத் தேக்கினால் மீத்தேன் வெளியேற்றம் கூடும் என்பதும் உண்மை. முன்கூட்டி உழுவதும், நீரைத் தொடர்ந்து தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவதும் அதைக் குறைக்கும். யூரியாவை ஒழிப்பது இங்கே இலக்கு அன்று. ஏக்கருக்கு ஒரு மூட்டையைக் குறைப்பதே நடைமுறை இலக்கு.

கணக்கு ஒத்துவரும் இடத்தில் இம்முறை பிரசாரமின்றியே நிலைத்திருக்கிறது என்பதற்குத் தென்கோடி மாவட்டமே சாட்சி. கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் இளமரங்களுக்கு இடையே பியூரேரியா, முக்குனா போன்ற பயறினக் கொடிகளைத் தரைமூடியாகப் படரவிடுவது நீண்ட கால வழக்கம். குளோவர் அமெரிக்க முற்றத்தில் செய்ததையே அக்கொடிகள் மலைச்சரிவில் செய்கின்றன. தழைச்சத்து தருகின்றன, களையை அமுக்குகின்றன, மழையில் மண் கரையாமல் காக்கின்றன. தோட்ட உரிமையாளருக்கு இது எப்படி இயல்கிறது? நிலம் அவருடையது. மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். இன்று மண்ணில் போட்ட முதலீட்டின் பயனை அவரே அறுவடை செய்வார்.

தாமிரவருணிக் கரையில் நிலைமை வேறு. கோயில்கள், மடங்கள், வெளியூர் வாழ் உரிமையாளர்கள் ஆகியோரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோர் இங்கே கணிசமானோர். மட்கு பெருக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு இதே வயல் தம்மிடம் இருக்குமா என்று அறியாத குத்தகைதாரர் மண்ணுக்கு ஏன் செலவிடுவார்? உடனே பச்சை காட்டும் யூரியாவையே அவர் நாடுவார். மண்வளம் என்பது வேளாண் துறையின் பொருளாக மட்டும் இருப்பதில்லை. அது குத்தகைச் சட்டத்தின் பொருளும்கூட.

இவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, உழவருக்கு நேரடித் தொகை. பசுந்தாள் உரப் பயிரை வளர்த்து மடக்கி உழும் ஒவ்வோர் ஏக்கருக்கும், ஒரு மூட்டை யூரியாவுக்கு அரசு செலுத்தும் மானியத்துக்கு ஈடான ரூ.1,500-ஐ உழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம். அவர் ஒரு மூட்டை குறைவாக வாங்கினால் அரசுக்குக் கூடுதல் செலவே இல்லை. குறைவாக வாங்கினாரா என்பதை அறிவதும் கடினமன்று. 2018 முதல் மானிய உரம் முழுவதும் விற்பனை முனைக் கருவியில் ஆதார் போன்ற அடையாளப் பதிவுடன்தான் விற்கப்படுகிறது. பி.எம். பிரணாம் திட்டத்தில் மாநிலத்துக்கு வரும் பங்கை இதற்கே பயன்படுத்தலாம்.

இரண்டாவது, பதிவு. சந்தைக்கு வராத பயிர் என்பதால் பசுந்தாள் உரப் பயிரை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் அது தவறாமல் இடம்பெற வேண்டும். குத்தகைதாரரின் பெயரிலேயே அப்பதிவும் தொகையும் அமைய வேண்டும். கோயில் நிலங்களைப் பொருத்தவரை, மண்ணைப் பேணும் குத்தகைதாரருக்கு நீண்ட காலக் குத்தகையில் முன்னுரிமை அளிக்க இந்து சமய அறநிலையத் துறை முன்வரலாம்.

மூன்றாவது, விதை. கொழிஞ்சி விதையைத் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களின் வாய்க்கால் கரைகளிலும், தெற்கே தேரி மணல் விளிம்பிலும் அது இயல்பாகவே வளர்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அதைச் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விற்கும் ஏற்பாடு, விதைக்கும் வழி செய்யும். கோடைக்கால வருவாய்க்கும் வழி செய்யும். அதற்கு முதல் நிபந்தனை, பொது வாய்க்கால் கரைகளிலாவது களைக்கொல்லி தெளிப்பதை நிறுத்துவது.

நான்காவது, பொது இடங்கள். அலுவலகங்கள், கல்லூரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றின் முன்னே நாள்தோறும் நீரும் மாதந்தோறும் உரமும் குடிக்கும் புல்தரைகளை நாம் வளர்க்கிறோம். மஞ்சள் பூக்கும் படர் நிலக்கடலை இனம் போன்ற பயறினத் தரைமூடிகள் அவ்விடங்களுக்குப் போதுமானவை. இதனால் மிச்சமாகும் யூரியா பெரிதன்று. ஆனால், உழவரிடம் மாற்றத்தைக் கோரும் அரசு தன் வாசலில் அதைச் செய்து காட்டுவது முறை.

இம்மாவட்டத்துக்கு இதில் ஒரு மரபுத் தொடர்ச்சியும் உண்டு. குருகூர் என்னும் பழம்பெயர் கொண்ட ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் அவதாரத் தலம். அவர் பெயரைத் தாங்கிய வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 1960-களில் பணியாற்றியது இதே மாவட்டத்தின் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில். இடுபொருளுக்காக உழவர் கடன்படும் நிலையைக் கண்டு அப்பணியிலிருந்து விலகியவர் அவர். 2013 டிசம்பரில் மறையும் வரை அவர் மண்ணைப் பற்றியே பேசினார். அவருடைய பெயரில் விருது வழங்கும் அரசு, அவர் எழுப்பிய வினாவின் பொருளாதாரப் பகுதிக்கும் விடை தருவது பொருத்தமாக இருக்கும்.

அந்த வினா எளியது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை எரிவாயுவைக் கொண்டு பிடிப்பதற்கு மூட்டைக்கு ரூ.1,500-க்கு மேல் தருகிறோம். அதே நைட்ரஜனைச் செடியின் வேரைக் கொண்டு பிடிக்கும் உழவருக்கு அறிவுரை தருகிறோம். அடுத்த பிசான அறுவடைக்குப் பின்னர் ஒரே ஒரு வட்டாரத்தில், ஆயிரம் ஏக்கரில் இதை மாற்றிப் பார்க்க ஆகும் செலவு ரூ.15 லட்சம். யூரியா வரிசையில் நிற்கும் நாடு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு நியாயம் இல்லை.